வேலூருக்கு மேலே பறக்கும்போது கோளாறு வந்தால் விமானி எங்கே இறக்குவார்? முழுமையான வழிகாட்டி

போன மாசியில் எங்கள் ஆம்பூர் சித்தப்பா வளைகுடாவுக்குக் கிளம்பிய விமானம், சென்னையிலிருந்து ஏறிக் கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டது. ஹைட்ராலிக் கோளாறு, அதாவது சக்கரம், பிரேக் போன்றவற்றை எண்ணெய் அழுத்தத்தில் இயக்கும் அமைப்பில் பழுது. கடலுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கும் கூடுதலாகச் சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறக்கினார்கள். மறுநாள் காலை காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"ஏம்பா, முன்சீட்டு டிவியில வேலூர்னு காட்டுச்சு. கீழ அப்துல்லாபுரத்துல நம்ம ஏர்போர்ட்டு இருக்குது. அங்க எறக்காம இன்னாத்துக்கு மெட்ராஸ் வரைக்கும் போயி கடல்மேல சுத்தினு இருந்தாங்க?"

பதினொரு வருடமாக விமான நிறுவனம் ஒன்றில் டிஸ்பாட்ச் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு விமானத்துக்கும் பாதை, எரிபொருள், வானிலை, மாற்று விமான நிலையம் எல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்து, அது பறக்கும் நேரம் முழுவதும் தரையிலிருந்து துணை நிற்கிற வேலை. சித்தப்பாவுக்கு அன்று சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போய்வருபவர்களுக்கும், பிள்ளைகளை ஏற்றி அனுப்பிவிட்டு மொபைல் திரையில் நகரும் விமானப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

முதல் படி: ஒருவர் ஓட்டுவார், ஒருவர் கோளாறைப் பார்ப்பார்

மணி அடிக்கிறது, சிவப்பு விளக்கோ மஞ்சள் விளக்கோ எரிகிறது. அந்த நொடியில் விமானிகள் செய்யும் முதல் வேலை கோளாறைச் சரிசெய்வது இல்லை. விமானம் நேராகப் பறக்கிறதா, உயரம் சரியா, வேகம் சரியா என்று பார்ப்பதுதான். 'முதலில் பற, அப்புறம் வழியைப் பார், அதற்கப்புறம் பேசு' என்று பயிற்சியில் மனப்பாடமாக வரும்வரை சொல்லிக்கொடுப்பார்கள். கேப்டன், "நீ ஓட்டு, நான் பார்க்கிறேன்" என்றோ அதற்கு மாறாகவோ வாய்விட்டுச் சொல்வார். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்வார்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை கறார்? 1972 டிசம்பர் 29 இரவு அமெரிக்காவின் மியாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தில் முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் ஒரு சின்ன பல்பு எரியவில்லை. காக்பிட்டில் இருந்த எல்லோரும் அந்த பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயரத்தைப் பிடித்து வைத்திருந்த ஆட்டோபைலட் அந்தப் பிடியை விட்டுவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்டுப்போயிருந்தது பல்பு மட்டும்தான்.

இரண்டாம் படி: எது கெட்டது என்று உறுதி செய்வது

இப்போதைய விமானங்களில் கோளாறின் பெயரும், செய்ய வேண்டிய வேலைகளும் திரையிலேயே வரிசையாக வந்துவிடும். ஏர்பஸ்ஸில் அதை ஈகாம் என்பார்கள். போயிங் விமானங்களில் திரை ஓரளவு சொல்லும், மீதியை அவசரக் கையேட்டைப் பிரித்துப் படிக்க வேண்டும். இப்போது அது டேப்லெட்டுக்கு மாறிவருகிறது. ஆனால் பழைய கையேடு ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். தீ, புகை, இன்ஜின் பக்கங்களின் ஓரம் மட்டும் பயிற்சியில் புரட்டிப் புரட்டி அழுக்கேறி மடங்கிப்போயிருந்தது. மற்ற பக்கங்கள் புதுக் கருக்கு கலையாமல் இருந்தன.

இன்ஜினை அணைக்கும் காட்சியைக் கிட்டத்திலிருந்து சொல்கிறேன். சிமுலேட்டரில் பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்தது. துணை விமானி இடது இன்ஜினின் விசைக்கோலைத் தொடுகிறார், அசைக்கவில்லை. "இடது இன்ஜின், உறுதி செய்யுங்கள்" என்கிறார். கேப்டன் திரையைப் பார்க்கிறார், அந்தக் கையைப் பார்க்கிறார், மறுபடி திரையைப் பார்க்கிறார். "உறுதி" என்கிறார். அதற்குப் பிறகுதான் கை நகர்கிறது. அடுத்த சுவிட்சுக்கும் இதே கேள்வி, இதே பதில். பார்க்கிற நமக்குத்தான் பொறுமை போகிறது.

1989 ஜனவரி 8 அன்று லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன போயிங் 737-இல் இடது இன்ஜினின் விசிறித் தகடு உடைந்தது. விமானிகள் வலது இன்ஜினை அணைத்துவிட்டார்கள். அணைத்ததும் புகையும் அதிர்வும் குறைந்ததுபோல் இருந்தது, சரியானதைத்தான் அணைத்தோம் என்று நம்பிவிட்டார்கள். இடது பக்கம் நெருப்புப் பொறி பறந்ததைப் பயணிகள் சிலர் பார்த்திருந்தார்கள். அந்தத் தகவல் காக்பிட்டுக்குப் போகவே இல்லை. கெக்வொர்த் என்ற ஊருக்கு அருகே, ஓடுதளத்துக்குக் கொஞ்சம் முன்னால் விமானம் விழுந்தது. 47 பேர் இறந்தார்கள். ஆகவே ஜன்னல் வழியாக ஏதாவது தப்பாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். 'அவங்களுக்குத் தெரியாததா' என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: நம்மிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது?

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டி முழுவதையும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம். எங்கே இறங்குவது என்பது இதற்கு அப்புறம் வரும் கேள்வி. கோளாறு பெரிதா சின்னதா என்பதைவிட, அது வளருமா, அப்படியே நிற்குமா என்பதுதான் முக்கியம்.

வளரக்கூடிய கோளாறுகளில் முதலிடம் தீக்கும் புகைக்கும். 1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன ஸ்விஸ்ஏர் 111-இல் காக்பிட்டுக்குள் ஏதோ ஒரு வாசனை வந்தது. ஹாலிஃபாக்ஸ் பக்கம் திரும்பினார்கள். உயரமும் எடையும் கூடுதலாக இருந்ததால் எரிபொருளைக் கொட்டுவதற்காகக் கடல்பக்கம் போனார்கள். வாசனை வந்ததிலிருந்து விமானம் கடலில் விழுந்தது வரை சுமார் 20 நிமிடம்தான். 229 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தத் தீ பரவிய வேகத்தில், நேராகப் போயிருந்தாலும் பத்திரமாக இறங்கியிருக்க முடியாது என்றுதான் கனடா விசாரணைக் குழுவே சொன்னது. அந்த விமானிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எங்கள் துறை அந்த விபத்திலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத புகையா, செக்லிஸ்ட் முடியட்டும் என்று காத்திருக்காதே, முதலில் விமான நிலையத்தைப் பார்த்துத் திருப்பு.

இதற்கு நேர்மாறான தப்பும் ஆளைக் கொல்லும். 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் 173 போர்ட்லாந்துக்கு வந்தபோது சக்கரம் இறங்கியதில் சந்தேகம். விமானம் நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தது. கேப்டன் பயணிகளை அவசர இறக்கத்துக்குத் தயார்செய்தபடி சுமார் ஒரு மணி நேரம் சுற்றினார். எரிபொருள் குறைகிறது என்று கூட இருந்தவர்கள் சொன்னதில் அழுத்தம் இல்லை, அவருக்கும் அது உறைக்கவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஊருக்குள் விழுந்து பத்து பேர் இறந்தார்கள். கோளாறு வளராமல் அப்படியே இருந்தது, எரிபொருள் அப்படி இருக்கவில்லை. விமானிகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதையே ஒரு பாடமாக வைத்தது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

நேரம் இருந்தால் அதை எப்படிச் செலவழிக்கலாம் என்பதற்கு 2010 நவம்பர் 4 நல்ல உதாரணம். சிங்கப்பூரிலிருந்து ஏறிய குவான்டாஸ் 32, ஏர்பஸ் 380, இன்ஜின் ஒன்று வெடித்துச் சிதறி இறக்கையைக் கிழித்துவிட்டது. திரையில் எச்சரிக்கைக்கு மேல் எச்சரிக்கை. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி உடனே கீழே ஓடவில்லை. விமானம் கைக்குள் இருக்கிறது, தீ இல்லை என்று தெரிந்ததும் சுமார் 50 நிமிடம் வட்டமடித்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அப்புறம்தான் இறக்கினார்கள். 469 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

ஆக, விமானிகள் மனதில் கோளாறுகளை ஏறக்குறைய மூன்று கூடைகளில் போட்டுக்கொள்வார்கள். தீ, அணையாத புகை, இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகள் ஒன்றாகப் போவது, இதெல்லாம் 'இப்போதே இறங்கு' கூடை. ஏர்பஸ் திரையில் சிவப்பு எழுத்தில் 'லேண்ட் ஏசாப்' (முடிந்த சீக்கிரம் இறங்கு) என்று வந்தால் அது இந்தக் கூடைதான். இரண்டாவது கூடையில் இன்ஜின் நிற்பது: இரண்டு இன்ஜின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், தகுதியான பக்கத்து நிலையத்தில் இறங்கியே ஆக வேண்டும், பேச்சுக்கு இடமில்லை. ஒற்றை இன்ஜினில் நன்றாகவே பறக்கும், ஆனால் அடுத்ததற்கு மாற்று இல்லை. மூன்றாவது கூடையில் ஏசி அமைப்புகள் இரண்டில் ஒன்று, வானிலை ரேடார், கழிவறை போன்றவை. வழியில் மேகம் இருக்கிறதா, ஊர் எவ்வளவு தூரம் என்று பார்த்து, பெரும்பாலும் போகிற இடத்துக்கே போய்விடலாம்.

கேபின் காற்றழுத்தம் போவது தனி ரகம். முகமூடி தொங்கும், விமானம் 10,000 அடிக்கு வேகமாக இறங்கும். பயணிகளின் ஆக்சிஜன் பல விமானங்களில் 12 நிமிடம் போல வரும், அதற்குள் இறங்கிவிடுவார்கள். இமயமலைப் பக்கம் அந்த உயரத்துக்கு இறங்கவே வழி தேட வேண்டும். நம் ஏலகிரியும் ஜவ்வாது மலையும் அதற்கெல்லாம் குறுக்கே நிற்கும் உயரம் இல்லை. கீழே வந்த பிறகு மூச்சுக்குக் கவலை இல்லை, ஆனால் தாழ்வாகப் பறந்தால் ஜெட் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். அதனால் தொலைதூர ஊருக்குப் போய்ச்சேர முடியாது, வழியில் வேறு நிலையத்துக்கு டைவர்ட் செய்துதான் ஆக வேண்டும்.

நான்காம் படி: வேலூர்க் கோட்டைக்கு மேலிருந்து சுற்றிப் பார்த்தால்

சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். 36,000 அடியில், வேலூருக்கு நேர் மேலே ஒரு ஏர்பஸ் 320 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் திருப்பதி சுமார் 90 கிலோமீட்டர், சென்னை 110-ஐ ஒட்டி, புதுச்சேரி 130, பெங்களூரு 160 கிலோமீட்டர் வரும். அரக்கோணம் கடற்படைத் தளம் 60-ஐக் கொஞ்சம் தாண்டும். அப்துல்லாபுரம் காலடியிலேயே.

அப்துல்லாபுரத்தை முதலில் கழித்துவிடலாம். பிரிட்டிஷ் காலத்து விமானத்தளம் அது, சிறிய விமானங்களுக்காக இப்போது புதுப்பிக்கப்பட்டது. ஓடுதளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. முழுச் சுமையோடு வரும் ஜெட் அங்கே இறங்கினால் ஓடுதளம் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். புதுச்சேரி ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர், ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானத்துக்குச் சரி, நம் விமானத்துக்குப் போதாது. பக்கத்தில் இருக்கிறது என்பது ஒரு தகுதி மட்டும்தான். ஓடுதளத்தின் நீளம், அந்த நேரத்து வானிலை, தீயணைப்பு வசதியின் தரம், விளக்கு, கருவி உதவியோடு இறங்கும் வழி, இரவில் ஆள் இருக்கிறார்களா, இத்தனையும் பார்க்க வேண்டும்.

நீளம் என்றால் வழக்கமான நீளம் அல்ல, கோளாறோடு இறங்கத் தேவைப்படும் நீளம். மெதுவாக இறங்க உதவுவதற்காக இறக்கையின் முன்னும் பின்னும் விரியும் ஸ்லாட், ஃபிளாப் இரண்டுமே விரியாவிட்டால், மணிக்கு 250 கிலோமீட்டரில் தரைதொடும் விமானம் 340-க்கு மேல் வேகத்தில் வர வேண்டியிருக்கும். பிரேக்கில் பாதி போயிருந்தால் இன்னும் நீளம் வேண்டும். கையேட்டில் இதற்குப் பெருக்கல் எண்கள் உண்டு. கணக்கு முடிந்த பிறகு சென்னையின் 3,658 மீட்டரும் பெங்களூருவின் 4,000 மீட்டரும் எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத்தான் தெரியும்.

அரக்கோணம்? பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது பெருமைதான். 1992 மார்ச்சில் ஐஎன்எஸ் ராஜாளி என்ற பெயரில் கடற்படையில் சேர்ந்தது, ஓடுதளம் சுமார் நான்கு கிலோமீட்டர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடிக்கிடந்தபோது பயணிகள் விமானங்கள் அங்கிருந்துதான் போய்வந்தன. உயிருக்கு ஆபத்து என்று ஒரு விமானி கேட்டால் ராணுவத் தளமும் இடம் கொடுக்கும். ஆனால் வழக்கமாக விமானி பழகிய இடம் இல்லை. ஆகவே பக்கத்து நிலையங்கள் கைகொடுக்காத நாளில்தான் அந்தப் பெயர் வரும்.

இப்போது பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 36,000 அடியிலிருந்து சாதாரணமாக இறங்க சுமார் 200 கிலோமீட்டர் தூரம் வேண்டும், ஆயிரம் அடிக்கு ஐந்தரை கிலோமீட்டர் என்பது விமானிகளின் கைக்கணக்கு. அப்படியானால் வேலூருக்கு மேலிருந்து திருப்பதிக்கு நேராக இறங்க முடியாது, உயரம் மிஞ்சிவிடும், சுற்றித்தான் இறங்க வேண்டும். சென்னைக்கும் அதே கதை. திருப்பதி, சென்னை, பெங்களூரு மூன்றும் நேரக்கணக்கில் ஏறக்குறைய ஒரே தூரம், இருபது இருபத்தைந்து நிமிடம். வரைபடத்தில் கிட்டே இருப்பது கடிகாரத்தில் கிட்டே இருக்க வேண்டியதில்லை. தீ என்றால் வேகத்தடுப்புகளை விரித்து இதைப் பெரிதும் குறைக்கலாம், அப்போது திருப்பதிக்கும் பெங்களூருவுக்கும் வித்தியாசம் வந்துவிடும்.

சித்தப்பா விமானத்தில் போனது மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளில் ஒன்று. வளராத கோளாறு. அப்படியென்றால் நீளமான ஓடுதளம், முழுத் தீயணைப்புப் படை, பொறியாளர்கள், மாற்று விமானம் எல்லாம் இருக்கிற சென்னைதான் சரி. நிறுவனத்தின் வசதியையும் இதில் பார்ப்பார்களா என்றால், பார்ப்பார்கள். அவசரமில்லாத கோளாறில் அதில் தப்பும் இல்லை. அவசரம் என்றால் நாங்கள் தரையிலிருந்து என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை கேப்டனுடையது. சட்டமே அப்படித்தான்.

ஐந்தாம் படி: எடையும் எரிபொருளும்

ஏர்பஸ் 320 எழும்பும்போது 77 டன் வரை இருக்கலாம். இறங்க அனுமதித்த எடையோ 66 டன்னை ஒட்டித்தான். வளைகுடா வரை போக நிரப்பிய எரிபொருளோடு கால் மணியில் திரும்பினால் பல டன் கூடுதல். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்றவற்றில் எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது, பறந்துதான் தீர்க்க வேண்டும். மணிக்குச் சுமார் இரண்டரை டன் தீரும்.

2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறோடு சுமார் இரண்டரை மணி நேரம் சுற்றியதும் நினைவிருக்கும். தமிழ்நாடே டிவி முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தது. அந்தச் சுற்று எடையைக் குறைப்பதற்காக. ஒவ்வொரு சுற்றிலும் விமானம் இறங்குவதற்கு இன்னும் தோதாக மாறிக்கொண்டிருந்தது. இரவு எட்டேகால் வாக்கில் பத்திரமாக இறங்கியது. இதுவே தீயாக இருந்தால் எடையைப் பார்க்காமல் உடனே இறக்குவார்கள். கூடுதல் எடையில் இறங்க விமானம் தாங்கும், பிறகு பரிசோதனை செய்தால் போதும்.

சுற்றுவதற்கும் எல்லை உண்டு. எப்படியிருந்தாலும் இறங்கும்போது கடைசி 30 நிமிட எரிபொருள் தொட்டியில் மிச்சம் இருக்க வேண்டும். அதைத் தொட வேண்டிய நிலை வந்தால் விமானி 'மேடே ஃபியூயல்', அதாவது எரிபொருள் ஆபத்து, என்று அறிவித்துவிடுவார்.

ஆறாம் படி: பேசி முடிவெடுத்து, எல்லோருக்கும் சொல்வது

ஐரோப்பிய விமானிகள் பலர் 'ஃபோர்டெக்' என்ற சொல்லை வைத்து வரிசைப்படி யோசிப்பார்கள்: உண்மை நிலவரம், வழிகள், ஒவ்வொன்றின் ஆபத்தும் நன்மையும், முடிவு, செயல், மறுபரிசீலனை. நல்ல கேப்டன் தன் கருத்தை முதலில் சொல்லமாட்டார். "உனக்கு என்ன தோணுது?" என்று துணை விமானியைக் கேட்பார். பெரியவர் சொல்லிவிட்டால் சின்னவர் மறுத்துப் பேசுவது நம் வீடுகளிலேயே கஷ்டம், காக்பிட்டில் அந்தத் தயக்கத்துக்கு இடம் வைக்கக்கூடாது.

முடிவானதும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வார்கள். உடனடி ஆபத்து என்றால் 'மேடே' மூன்று முறை, உதவி வேண்டும் ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் 'பான் பான்' மூன்று முறை. 7700 என்ற எண்ணைப் போட்டால் ரேடார் திரையில் அந்த விமானம் தனித்துத் தெரியும். தலைமைப் பணிப்பெண்ணை அழைத்து நான்கு விஷயம் சொல்வார்கள்: என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறோம், எத்தனை நிமிடம், வேறென்ன கவனிக்க வேண்டும். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பயணிகளுக்கு அறிவிப்பு கடைசியில்தான் வரும். அது தாமதமானால் மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், மேலே சொன்ன அத்தனையும் நடந்துகொண்டிருக்கும்.

முடிவெடுத்த பிறகும் கேள்வி நிற்காது. சென்னையில் திடீரென மழை பிடித்துக்கொண்டால்? ஓடுதளம் ஈரமானால் அந்த நீளம் போதுமா? சில நிமிடங்களுக்கு ஒரு முறை 'இப்போதும் இதுதான் சரியா' என்று கேட்டுக்கொள்வார்கள். ஹைட்ராலிக் போன விமானத்தில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. சக்கரத்தை அதன் சொந்த எடையில் கீழே விழவைத்துப் பூட்டுவார்கள், அப்படி இறக்கிய சக்கரத்தை மறுபடி உள்ளே இழுக்க முடியாது. சக்கரம் தொங்கிக்கொண்டே பறந்தால் எரிபொருள் செலவு எகிறிவிடும். அதற்கப்புறம் வேறு ஊருக்குப் போகலாம் என்ற யோசனை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆகவே அந்தக் கைப்பிடியைச் சுற்றுவதற்கு முன்னால் வானிலையை இன்னொரு முறை கேட்பார்கள்.

இறங்கிய பிறகு

சித்தப்பாவுக்கு இன்னொரு வருத்தம் இருந்தது. "எறங்கின பிறகும் ரன்வேலயே நிக்க வெச்சுட்டாங்கப்பா. சுத்தி நாலு தீயணைப்பு வண்டி. கதவத் தெறக்கவே இல்ல. அப்பதான் எனக்கு நெஜமா பயமே வந்துது."

ஓடுதளத்திலேயே நின்றதற்குக் காரணம், அந்த ஹைட்ராலிக் அமைப்பு இல்லாமல் முன்சக்கரத்தைத் திருப்ப முடியவில்லை, இழுவை வண்டி வந்துதான் இழுத்துப்போக வேண்டும். வேகமாக இறங்கி அழுத்தி நிறுத்தியதால் பிரேக் பழுக்கக் காய்ந்திருக்கும். தீயணைப்பு வீரர் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் போகாமல், முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ அணுகிப் பார்ப்பார். டயர் வெடித்தால் பக்கவாட்டில்தான் சிதறும். பிரேக் ஆறுகிறது, புகை இல்லை, எரிபொருள் ஒழுகவில்லை என்று அவர் கேப்டனிடம் நேரடியாகச் சொல்லும்வரை சறுக்கு வழியை விரிக்கவும் மாட்டார்கள், படிக்கட்டைக் கொண்டுவரவும் விடமாட்டார்கள். அவசரமாகச் சறுக்கி இறங்கும்போது கால் முறிந்தவர்கள் நிறைய உண்டு, அதனால் உள்ளே இருப்பதுதான் பத்திரம் என்றால் உள்ளேயே உட்காரவைப்பார்கள்.

சித்தப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இத அன்னிக்கே மைக்குல சொல்லியிருந்தா நான் ஒங்க சித்திக்கு அழுதுனே போன் பண்ணியிருக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த வாரமே அதை எங்கள் பிரிவில் எழுதிக் கொடுத்தேன்.